செயற்கைக் கால் செய்யப் படிக்கிற நாலரை வருஷம் எங்க தங்கறது? ரயிலா, ஹாஸ்டலா, ரூமா, சொந்தக்காரங்க வீடா?

ஒவ்வொரு வருஷமும் மே மாசம் தாண்டினதும் ஆந்திர எல்லையில இருக்கற நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் பக்கத்துல இருந்து எனக்கு ஃபோன் வரும், "அக்கா, சென்னையில பி.பி.ஓ கிடைச்சிருக்கு, தினமும் ரயில்ல போய்ட்டு வந்துடலாமா, இல்ல ஹாஸ்டல் போட்டுடலாமா"ன்னு. கூடவே அம்மாவும் ஃபோனை வாங்கி "பொம்பளப் புள்ள, ராத்திரி ஆயிடுமேம்மா"ன்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அரை மணி நேரம் பேசுறதுக்கு ஒரு தடவை ஒழுங்கா எழுதி வெச்சுடலாம்னு தோணுச்சு. இந்த நாலு விதத்துலயும் நான் இருந்து பார்த்துட்டேன், முதல் வருஷமும் அதுக்கு மேல கொஞ்சமும் ரயில்ல, அப்பால கொஞ்ச நாள் சின்னம்மா வீடு, அப்பால ஹாஸ்டல், கடைசியா ரூம்.

பி.பி.ஓன்னா கால் சென்டர் இல்ல, செயற்கைக் கை கால், காலிபர் (பலமில்லாத காலைத் தாங்கற சட்டம்), பெல்ட் இதெல்லாம் அளவெடுத்து செஞ்சு மாட்டி விடுற டிகிரி. நாலு வருஷம் படிப்பு, ஆறு மாசம் இன்டர்ன்ஷிப், முடிச்சா ஆர்.சி.ஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு. நம்ம எல்லையில இருந்து பக்கம்னு பார்த்தா சென்னை கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், ஈ.சி.ஆர்ல முட்டுக்காட்டுல இருக்கற மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், வேலூர் சி.எம்.சி, இவ்வளவுதான் சட்டுனு ஞாபகம் வருது. புத்தூர்ன்னா ஊரு உலகத்துக்கே எலும்புக் கட்டு ஞாபகம் வரும், அந்த ஊர்ப் பக்கத்துல இருந்து கால் செய்யப் போற பிள்ளைங்கன்னா எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

எதை வெச்சு முடிவு பண்ணணும்

எல்லாரும் முதல்ல வாடகையைத்தான் கேக்கறாங்க. அதைக் கடைசியில பாருங்க. முதல்ல பார்க்க வேண்டியது ஒர்க்‌ஷாப்ல உங்க வேலை எப்போ முடியும்ங்கறது. மத்த டிகிரில மணி அடிச்சா புத்தகத்தை மூடிட்டு கிளம்பலாம், இங்க முடியாது.

ஏன்னு சொல்றேன். முட்டிக்குக் கீழ கால் எடுத்த ஒருத்தர் வராருன்னு வெச்சுக்குங்க. ஸ்டம்ப் (கால் எடுத்தது போக மிச்சம் இருக்கற பகுதி) மேல ஸ்டாக்கினெட் துணி மாட்டி, எலும்பு துருத்தற இடத்தை எல்லாம் காப்பியிங் பென்சில்ல குறிச்சு, பிளாஸ்டர் பேண்டேஜ் சுத்தி அச்சு எடுக்கணும், அது இறுகற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. அந்த அச்சுக்குள்ள பிளாஸ்டர் கரைச்சு ஊத்தினா அவரோட ஸ்டம்ப் மாதிரியே ஒரு உருவம் கிடைக்கும். அதை ஃபைல், அதாவது அரம், போட்டு செதுக்கணும், வெயிட் தாங்கக்கூடிய இடத்துல, அதாவது முட்டிச் சில்லுக்குக் கீழ இருக்கற தசைநார்கிட்ட, சுரண்டி எடுக்கணும், தாங்காத எலும்பு முனைங்க மேல பிளாஸ்டர் ஏத்தணும். அப்பால பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் ஷீட்டை ஓவன் அடுப்புல வெச்சு, அது பாலாடை நிறம் போய் கண்ணாடி மாதிரி ஆனதும் ரெண்டு பேரா தூக்கி அந்த உருவத்து மேல போர்த்தி, வேக்யூம் போட்டு (காத்தை உறிஞ்சி ஒட்ட வெச்சு), ஆறற வரைக்கும் பார்த்துக்கிட்டு நிக்கணும். நடுவுல நிறுத்த முடியாது, நாளைக்கு மீதியை பண்ணிக்கலாம்னும் விட முடியாது. ரெசின் பசை ஊத்திப் பண்ற லேமினேஷன் இன்னும் மோசம், அதை இறுக வைக்கற ஹார்டனர் கலந்துட்டா அது நமக்காக காத்திருக்காது.

ஆளு வந்து ட்ரையல் போடற அன்னைக்கு வேற கதை. பேரலல் பார்ல (ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கற கம்பி) நடக்க வெச்சு, பாதம் உள்ள திரும்புதா, முட்டி முன்னாடி தள்ளுதான்னு பார்த்துப் பார்த்து அலைன்மென்ட் (கால் நிக்கற கோணம்) திருகணும். கொஞ்ச நேரம் நடந்ததும் காலைக் கழட்டி, சாக்ஸை உருவி, தோல் எங்க சிவந்திருக்குன்னு பார்க்கணும், பத்து நிமிஷத்துல அந்தச் சிவப்பு போகுதான்னு உக்காந்து பார்க்கணும். போகலன்னா சாக்கெட்ல, அதாவது ஸ்டம்ப் உள்ள போய் உக்கார்ற கிண்ணத்துல, அந்த இடத்துல அழுத்தம் இருக்குன்னு அர்த்தம், மறுபடி கிரைண்டர். பலமனேர்ல இருந்து விடியக்காலம் கிளம்பி மதியம் மூணு மணிக்கு வந்து சேர்ந்தவர்கிட்ட "எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு"ன்னு எப்படிச் சொல்றது?

அதனால என்னோட வரிசை இது: எவ்வளவு நேரம் வரைக்கும் இருக்க முடியும், நாள் பூரா நின்னு வேலை பார்த்த உடம்புக்கு எத்தனை மணி நேரம் தூக்கம், பிளாஸ்டர் துணியை எங்க துவைக்கறது, ராத்திரி மனசுல இருக்கறதைப் பேச பக்கத்துல ஆள் இருக்கா, அப்பால காசு. சிரிக்காதீங்க, துணி விஷயத்துல ஹவுஸ் ஓனர்கூட சண்டையே வந்திருக்கு, கீழ சொல்றேன்.

தினமும் ரயில்

நகரில இருந்து திருத்தணி 15 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். நைனா (அப்பா) பைக்ல கொண்டு வந்து விடுவார், அங்க இருந்து எலக்ட்ரிக் ட்ரெயின், 80 கிலோமீட்டருக்கு மேல, சென்ட்ரல் வர்றதுக்குள்ள ரெண்டு மணி நேரம் தாண்டிடும், அப்பால ஒரு பஸ். காலைல நாலே முக்காலுக்கு வீட்டை விட்டா ராத்திரி ஒம்பது மணிக்கு வீடு. சீசன் டிக்கெட் விலை ஹாஸ்டல் ஃபீஸ் முன்னாடி ஒண்ணுமே இல்ல, ஸ்டூடண்ட் கன்சஷனும் இருக்கு, வீட்டுச் சோறு, அம்மா முகம் பார்த்த நிம்மதி, இதெல்லாம் நிஜமான லாபம்.

முதல் வருஷத்துக்கு இது சரியா வரும், சொல்லப்போனா எனக்கு நல்லாவே போச்சு. அனாடமி, ஃபிசியாலஜி, பயோமெக்கானிக்ஸ்ன்னு பெரும்பாலும் கிளாஸ்தான், ஒர்க்‌ஷாப்ல மெஷின் பழகறது, மெட்டீரியல் பத்தி படிக்கறது, நோயாளி இன்னும் கைக்கு வரல. லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல அரக்கோணம் வரைக்கும் உக்கார இடம் கிடைச்சுடும், கால் தசை எல்லாத்தையும் ஆரிஜின், இன்செர்ஷனோட (எங்க ஆரம்பிச்சு எங்க ஒட்டுதுன்னு) நான் அந்த ரயில்லதான் மனப்பாடம் பண்ணேன். பூ விக்கப் போற ஒரு பாட்டிம்மா என் கால்லயே காட்டி காட்டி நான் படிக்கறதைப் பார்த்துட்டு தினமும் "இன்னைக்கு எந்த நரம்பு"ன்னு கேப்பாங்க.

ரெண்டாவது வருஷம்தான் உடைஞ்சுது. முட்டிக்குக் கீழ கால் செய்யற ப்ராக்டிகல் ஆரம்பிச்சு கொஞ்ச நாள். ஒரு நாள் ஷீட் போர்த்தி முடிக்கறப்பவே நாலரை ஆயிடுச்சு, எனக்கு மனசெல்லாம் ஸ்டேஷன்ல. இன்னும் சூடு இருந்துச்சு, ஆனாலும் வேக்யூமை கொஞ்சம் முன்னாடியே நிறுத்திட்டு ஓடிட்டேன், யார்கிட்டயும் சொல்லல. மறுநாள் காலைல வந்து பார்த்தா முட்டிக்குப் பின்பக்கம் பிளாஸ்டிக் அந்த உருவத்தை விட்டு எழும்பி நிக்குது. அன்னைக்குத்தான் அந்தக் காலை மாட்டிக்க வேண்டியவருக்கு ட்ரையல். சார் என்னைத் திட்டல, "புதுசா போர்த்து"ன்னு மட்டும் சொன்னார். வந்தவர் நம்ம சித்தூர் பக்கத்துக்காரர், தெலுங்குல "பர்வாலேதம்மா, மள்ளீ வஸ்தா"ன்னு (பரவால்லம்மா, மறுபடி வரேன்) சொல்லிட்டு அக்குள் கட்டையை ஊனிக்கிட்டுத் திரும்பிப் போனார். ஒரு நாள் கூலி, ரெண்டு பஸ், கூட வந்த பொண்டாட்டிக்கும் ஒரு நாள் கூலி. நான் மிச்சம் பண்ண ஹாஸ்டல் காசை அவர் கட்டினார்னுதான் அன்னைக்கு ராத்திரி ரயில்ல உக்காந்துக்கிட்டு நினைச்சேன். அந்த மாசமே நைனாகிட்ட சொல்லிட்டேன், இனிமே ரயில் வேணாம்னு.

கணக்குல வராத செலவு இன்னும் இருக்கு. தூக்கம் அஞ்சு மணி நேரம். தூக்கம் இல்லாம பேண்ட்சா (அறுக்கற மெஷின்), கிரைண்டர் முன்னாடி நிக்கறது ஆபத்து, அதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. நைனாவோட காலைத் தூக்கமும் போச்சு, ராத்திரி ஷிஃப்ட் தறி ஓட்டிட்டு நாலரைக்கு எனக்காக எழுந்தார், அதை எந்தக் கணக்குல எழுதறது.

முட்டுக்காடு கிடைச்சவங்க ரயிலை யோசிக்கவே வேணாம், சென்ட்ரல்ல இறங்கி இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல போகணும். சித்தூர்ல இருந்து வேலூர் போறவங்க கதை வேற, பஸ்ல ஒரு மணி நேரம் சுமார், ராத்திரி வரைக்கும் பஸ் இருக்கு, அவங்க மூணாவது வருஷம் வரைக்கும்கூட போய்ட்டு வரலாம்.

சொந்தக்காரங்க வீடு

பெரம்பூர்ல சின்னம்மா வீடு. வாடகை இல்ல, நம்ம வீட்டு ருசியில சாப்பாடு, உடம்பு சரியில்லன்னா கஷாயம். நாலு மாசம் இருந்தேன், அந்த வீட்டுக்கு இன்னைக்கும் நான் கடன்பட்டவ.

ஆனா கஷ்டம் எங்கன்னா, நாம விருந்தாளியும் இல்ல, வீட்டு ஆளும் இல்ல. ஏழு மணிக்கு மேல ஆனா சின்னம்மா வாசல்ல நிப்பாங்க, அவங்க சாப்பிடாம இருப்பாங்க, அதை நினைச்சே கை பதறும். தம்பிக்கு கணக்கு சொல்லித் தரணும், கல்யாணம் காதுகுத்துன்னா ஒர்க்‌ஷாப்பை விட்டுட்டு வரணும், சொல்லாட்டியும் எதிர்பார்ப்பாங்க, அது நியாயம்தான். அவங்க வாஷிங் மெஷின்ல என் ஏப்ரனை எப்படிப் போடறது? ரெண்டு ரூம் வீட்டுல ரெசின் வாசனை அடிக்கற பையை எங்க வைக்கறது?

இது யாருக்கு நல்லதுன்னா, முதல் முறையா ஊரை விட்டு வர்றவங்களுக்கு முதல் ரெண்டு மூணு மாசம். அதுக்குள்ள ஹாஸ்டல் பார்த்துக்கலாம், சண்டை வர்றதுக்கு முன்னாடியே நல்லபடியா கிளம்பிடணும், மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பழம் வாங்கிட்டுப் போய் சாப்பிட்டு வரணும். சின்னம்மா இருக்காங்கன்னு நாலரை வருஷத்துக்கும் பிளான் போடாதீங்க.

ஹாஸ்டல்

ஹாஸ்டல்ல முதல்ல கேக்க வேண்டியது கேட் டைம், ஃபீஸ் ரெண்டாவது. நான் இருந்த லேடீஸ் ஹாஸ்டல் காலேஜ்ல இருந்து நடக்கற தூரம், எட்டரைக்கு கேட், ட்ரையல் நாள்ல லேட் ஆகும்னு டிபார்ட்மென்ட் லெட்டர் குடுத்தா விடுவாங்க. எட்டரை போதும், பெரும்பாலான நாள் அதுக்குள்ள முடிஞ்சுடும். மெஸ்ல லேட்டா போனா சோறு இருக்காது, சோத்துல ஒரு டப்பா எடுத்து வைக்கச் சொல்லி வார்டன்கிட்டயோ சமையல் அக்காகிட்டயோ முன்னாடியே பேசி வெச்சுக்குங்க.

நான் ஹாஸ்டலை சொல்றதுக்கு முக்கியமான காரணம் ஆளுங்க. ஒரு நாள் என் வயசுப் பையன் ஒருத்தன், பைக் ஆக்சிடென்ட், தொடைக்கு நடுவுல கால் எடுத்தாச்சு, அச்சு எடுக்க வந்தவன் அந்த ஸ்டம்ப்பை நான் தொட்டதும் முகத்தைத் திருப்பிக்கிட்டு அழுதான். நான் அளவு எல்லாம் சரியா எழுதினேன், குரல்கூட மாறல, ரூமுக்கு வந்துதான் அழுதேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு சீனியர் அக்கா இருந்தாங்க, அவங்க ஒண்ணும் பெருசா சொல்லல, டீ போட்டுக் குடுத்து, அவங்களுக்கு முதல் வருஷம் வந்த ஒரு சின்னப் பொண்ணைப் பத்தி சொன்னாங்க. வீட்டுக்கு ஃபோன் பண்ணியிருந்தா அம்மா பயந்து போய் "வந்துடு"ன்னு சொல்லியிருப்பாங்க. இந்தப் படிப்பு என்ன கேக்குதுன்னு தெரிஞ்ச ஆள் பக்கத்துல வேணும். அதுக்கு ரேட் போட முடியாது. சர்க்கரை வியாதியில விரல், அப்பால பாதம், அப்பால முட்டின்னு ஒவ்வொண்ணா போய் வர்ற பெரியவங்களை நிறையப் பார்ப்பீங்க, அவங்க வயசுல உங்க வீட்டுல ஒருத்தர் இருந்தா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது.

இதுல எல்லைப் பிள்ளைங்களுக்குன்னு ஒரு சிக்கல். 1960-ல திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்துச்சு, நகரியும் புத்தூரும் அந்தப் பக்கமே நின்னுச்சு. வீட்டுல பேசறது தமிழ், ஆனா சர்டிபிகேட் ஆந்திரா. தமிழ்நாடு அரசு நடத்தற மாணவியர் விடுதி, ஸ்காலர்ஷிப் எல்லாம் இந்த ஊர் ஜாதி சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் கேக்கும், நம்ம பேப்பர் அங்க செல்லாது. திருத்தணிப் பிள்ளைக்குக் கிடைக்கற சலுகையை நம்பி நகரிப் பிள்ளை பட்ஜெட் போட்டுடக் கூடாது, அட்மிஷன் அன்னைக்கே ஆபீஸ்ல கேட்டுத் தெளிவா எழுதி வாங்கிக்குங்க. கையில தனியார் ஹாஸ்டல் காசு இருக்குன்னு வெச்சுக்கிட்டே ஆரம்பிங்க.

இன்னொண்ணு, டூல்ஸ். ஒரே ரூம்ல மூணு பேர் இருந்தா மூணு பேரோட ஃபைலும் கத்தியும் கலந்துடும், பிளாஸ்டர் செதுக்கற சர்ஃபார்ம் பிளேடு யார் வாங்கினதுன்னே தெரியாது. பேர் எழுதி வைங்க.

ரூம் எடுத்துத் தங்கறது

கடைசி வருஷமும் இன்டர்ன்ஷிப்பும் மூணு பொண்ணுங்க சேர்ந்து ரூம் எடுத்தோம். கேட் டைம் கிடையாது, கேஸ் ஷீட், ப்ராஜெக்ட்ன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் லைட் போட்டு எழுதலாம், சமைச்சு சாப்பிடலாம். இன்டர்ன்ஷிப்ல கேம்ப்புக்கு விடியக்காலம் கிளம்பி நடுராத்திரி திரும்பற நாள் வரும், அப்போ ஹாஸ்டல் கேட் நமக்கு ஒத்து வராது.

செலவு எங்க ஒளிஞ்சிருக்குன்னா அட்வான்ஸ், ஓனர் வைக்கற கரண்ட் யூனிட் ரேட், கோடையில தண்ணி லாரி, கேஸ் சிலிண்டர், காலி பண்றப்போ பெயின்ட் அடிக்கன்னு அட்வான்ஸ்ல பிடிக்கறது. மூணு பேர்ல ஒருத்தி நடுவுல போயிட்டா வாடகை ரெண்டா பிரியும், அதனால வாடகை ஒப்பந்தம் போடற பதினோரு மாசமும் இருக்கற ஆளோட மட்டும் சேருங்க. முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு ரூம் வேணவே வேணாம், சமையலும் பாத்திரமும் படிப்பைத் தின்னுடும்.

இப்போ அந்தத் துணிக் கதை. பிளாஸ்டர் துணியை நேரா பாத்ரூம்ல அலசினோம், பிளாஸ்டர் தண்ணியில கரைஞ்சு போயிடும்னு நினைச்சோம், அது பைப்புக்குள்ள போய் கல்லா இறுகிடுச்சு. கீழ் வீட்டுக்குத் தண்ணி ஏறி, ஹவுஸ் ஓனர்கூட சண்டையாகி, பிளம்பர் வந்து பைப்பையே வெட்டி மாத்தினார், அந்த மாசம் நாங்க மூணு பேரும் கஞ்சிதான். ஹாஸ்டலோ ரூமோ வீடோ எங்க இருந்தாலும் இதைப் பழகிக்குங்க: துணி காய்ஞ்சதும் வெளியில நல்லா உதறுங்க, பக்கெட்ல ஊற வெச்சு அப்படியே விட்டா பிளாஸ்டர் அடியில தங்கும், மேல் தண்ணியை மட்டும் ஊத்திட்டு அடி வண்டலை காகிதத்துல அள்ளி குப்பையில போடுங்க. கிரைண்டர் தூசி பட்ட துணியை மத்த துணியோட சேர்க்காதீங்க, அரிக்கும்.

யாருக்கு எது

வீடு திருத்தணி, அரக்கோணம் பக்கம்னா முதல் வருஷம் ரயில் நல்லதுன்னுதான் சொல்வேன், காசும் மிச்சம், ஊர் மாறின அதிர்ச்சியும் மெதுவா வரும். நகரிக்காரங்க வீட்டுல காலைல கொண்டு விட ஆள் இருந்தா மட்டும் ரயில். புத்தூரும் அதைத் தாண்டியும் இருக்கறவங்க முதல் நாள்ல இருந்தே ஹாஸ்டல் போடுங்க. முட்டிக்குக் கீழ கால் செய்யற ப்ராக்டிகல் உங்க டைம்டேபிள்ல எப்போ வருதுன்னு சீனியர்கிட்ட கேளுங்க, அந்த மாசத்துக்கு முன்னாடி நடக்கற தூரத்துக்கு மாறிடணும், சித்தூர்-வேலூர் பஸ்காரங்களைத் தவிர இதுல மட்டும் நான் விட்டுக் குடுக்க மாட்டேன். கடைசி வருஷம் நம்பிக்கையான கூட்டாளி கிடைச்சா ரூம், கிடைக்கலன்னா ஹாஸ்டல்லயே லேட் பர்மிஷன் வாங்கிட்டு இருங்க.

வீட்டுல காசு நிஜமாவே இல்லன்னா? அப்படி ரெண்டு பேர் எங்க பேட்ச்ல இருந்தாங்க, நாலு வருஷமும் ரயில்தான். அவங்க என்ன பண்ணாங்கன்னா, ஷீட் போர்த்தற வேலை, லேமினேஷன் எல்லாத்தையும் காலைல முதல் ஸ்லாட்ல கேட்டு வாங்கிக்கிட்டாங்க, செதுக்கற வேலையை சாயந்தரத்துக்கு வெச்சுக்கிட்டாங்க, ஏன்னா செதுக்கறதைப் பாதியில நிறுத்தலாம். ட்ரையல் நாள்ல மட்டும் யாராவது ஒரு ஃப்ரெண்டோட ஹாஸ்டல்ல கெஸ்ட் காசு கட்டித் தங்குவாங்க. வெட்கப்படாம சார்கிட்ட சொன்னாங்க, அவரும் ஸ்லாட் மாத்திக் குடுத்தார். அவங்க செஞ்ச சாக்கெட் எங்களோடதைவிட ஒண்ணும் குறைச்சல் இல்ல.

தெலுங்கு தெரிஞ்ச நம்ம பிள்ளைங்களை ஒர்க்‌ஷாப்ல அடிக்கடி கூப்பிடுவாங்க, கடப்பா, நெல்லூர்ல இருந்து வர்றவங்ககிட்ட "நொப்பிகா உந்தா"ன்னு (வலிக்குதான்னு) கேக்க ஆள் வேணும். வலி எங்கன்னு அவங்க பாஷையில சொல்ல விட்டாதான் சாக்கெட்ல எங்க சுரண்டணும்னு தெரியும். அது பெரும்பாலும் சாயந்தரம்தான் நடக்கும், எல்லாரும் கிளம்பற நேரத்துல. பக்கத்துல தங்கினா அதுக்கெல்லாம் இருக்கலாம், நான் கத்துக்கிட்டதுல பாதி அந்த நேரத்துலதான்.

என் பெரியப்பா பொண்ணுக்கு இந்த வருஷம் சீட் கிடைச்சிருக்கு. முதல் வருஷம் ரயில்ல வரேங்கறா. போன ஞாயித்துக்கிழமை திருத்தணி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் லேடீஸ் கம்பார்ட்மென்ட் எங்க வந்து நிக்கும்னு காட்டிட்டு, அப்படியே சென்னை வந்து அடுத்த வருஷத்துக்கு ஹாஸ்டல்ல பேரும் எழுதி வெச்சுட்டு வந்தோம்.